மிதிவண்டிக்கு எந்த எஞ்சின்: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

முதலில் சட்டத்தைக் கவனியுங்கள்: 25 சிசிக்கு மேற்பட்ட எஞ்சின் பூட்டிய மிதிவண்டி மோட்டார் வாகனமாகவே கருதப்படும் என்பதால், பதிவும் ஓட்டுநர் உரிமமும் இல்லாமல் அதைச் சாலையில் ஓட்டக்கூடாது.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் (எஞ்சினின் சுழல்தண்டு) ஒருமுறை சுழலும்போதே ஒரு எரிப்பு நிகழ்கிறது; ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு இரண்டு சுழற்சிகள் வேண்டும். எனவே முன்னது எடையில் குறைந்தும் இழுவையில் மிகுந்தும் இருக்கும். ஆனால் அதற்குப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலக்க வேண்டும். 1:25 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. திம்பம் போன்ற மலைப்பாதையில் ஏறும்போது அதன் பலம் தெரியும் (சிறிய எஞ்சினானால் பெடலும் மிதிக்கத்தான் வேண்டும்). இறங்கும்போதுதான் ஆபத்து: கிளட்ச் பிடிக்காமல் ஆக்சிலேட்டரை மூடியபடி நெடுந்தூரம் உருட்டினால், பெட்ரோலோடு ஆயிலும் உள்ளே போவது குறைந்து, பிஸ்டன் சீஸ் ஆகிவிடக்கூடும் (சூடேறி இறுகி நின்றுவிடும்).

ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியாக இருப்பதால் அந்தக் கவலை இல்லை. புகையும் சத்தமும் குறைவு, மைலேஜ் அதிகம். கோபி வாய்க்கால் கரையிலும் பொள்ளாச்சித் தோப்புகளிலும் தினமும் ஓட்டுவோருக்கு இதையே பரிந்துரைப்பேன். தேங்காய் சுமக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல் கூட 2015இல் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு வந்துவிட்டது. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் சற்று அகலமானது என்பதால், பெடல் தண்டு இடிக்காமல் சுழலுமா என்று வாங்கும் முன்பே அளந்து பாருங்கள்.