ஆச்சி துப்பறியும் கதையை எப்படி வாசிப்பது?

கொலை செய்தது யார் என்று கண்டுபிடிக்கிற அவசரத்தோடு திறந்தால் இந்த வகை நாவலில் பாதி ருசி போய்விடும். தனியாக வாழ்கிற, யார் தயவையும் எதிர்பார்க்காத வயதான பெண் துப்புத் துலக்குகிறார் என்றால், நாம் பார்க்க வேண்டியது அவரைத்தான்.

ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி படைத்த துப்பறியும் கிழவி மிஸ் மார்பிளில் தொடங்குங்கள். 1927-ல் ஒரு சிறுகதையில் வந்தவர், 1930-ல் முதல் நாவல், மொத்தம் 12 நாவல்கள். வரிசையாக வாசிக்கத் தேவையில்லை. என் ஓட்டு 1950-ல் வந்த 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு' நாவலுக்கு: இன்ன வீட்டில் இத்தனை மணிக்குக் கொலை நடக்கும் என்று பத்திரிகையில் விளம்பரம் வருகிறது, அக்கம்பக்கமெல்லாம் சும்மா எட்டிப்பார்க்க வந்ததுபோல வந்து உட்கார்ந்துவிடுகிறது. (காரைக்குடியாக இருந்தால் பலகாரமும் எதிர்பார்த்திருப்போம்.)

மார்பிள் பின்னல் ஊசியோடு ஓரமாக இருப்பார், யாரும் அவரைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். செட்டிநாட்டு வீட்டின் உள்ளே இரண்டாங்கட்டில் உட்கார்ந்து கொட்டான் (ஓலைக்கூடை) பின்னுகிற ஆச்சியை நினைத்துக்கொள்ளுங்கள், கை ஓலையில், காது வாசல்பக்கத்து முகப்பில். மார்பிள் ஒரு ஆளைப் பார்த்ததும், தன் கிராமத்தில் அதே மாதிரி நடந்துகொண்ட இன்னொருவர் அவருக்கு நினைவுக்கு வந்துவிடுவார், பாதித் துப்பு அங்கேதான். நீங்களும் ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் நம் ஊரில் ஒரு ஆளைப் பிடியுங்கள். பொது வீட்டுச் சாவியைக் கேட்டால் மட்டும் காது கேட்காத பங்காளி, விசேஷ வீட்டில் வாழ்த்துவதற்கு முன்னால் பாத்திரத்தில் வெட்டியிருக்கிற பேரைத் திருப்பிப் பார்க்கிறவர், இப்படி. பெயர்க் குழப்பமும் தீர்ந்துவிடும், வெள்ளைக்காரப் பெயர்கள் நாலு பக்கத்துக்கு மேல் எனக்கு நிற்பதில்லை.

அப்புறம், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இரவுக்கு ஒரு அத்தியாயமாகக் கதையைச் சொல்லிப் பாருங்கள். என் அப்பத்தா எண்பது வயதிலும் தனி அடுப்பு, சாமான் அறைச் சாவி இடுப்பில். வேறொரு மார்பிள் கதையை நான் சொல்லிக்கொண்டு வந்தபோது நாலாம் நாளே ஆளைச் சொல்லிவிட்டார். எப்படி என்றால், "கேக்காமயே சமாதானம் சொல்றவுகளை எப்பவும் ரெண்டு தரம் பாக்கணும்" என்றார். கிறிஸ்டியின் பாட்டியும் எல்லோரிடமும் மோசமானதையே எதிர்பார்ப்பாராம், பெரும்பாலும் அதுவே சரியாகவும் இருக்குமாம், மார்பிளுக்கு அந்தக் குணம் அங்கிருந்துதான் வந்தது.

கடைசிப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். முடித்ததும் முதல் மூன்று அத்தியாயங்களை மறுபடி வாசியுங்கள், ஒளித்து வைத்தது எல்லாம் வாசலிலேயே கிடந்திருக்கும்.