கோளா இல்லையா? ஏற்காட்டில் ஒரு கேள்வியும் மூன்று சோதனையும்

பொழுது சாய்ந்து ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்றால் கீழே சேலம் முழுக்க விளக்கு, மூடுபனி வழிவிட்டால் மேலேயும் அப்படித்தான். போன தடவை அங்கே வியாழனைக் காட்டிக்கொண்டிருந்தபோது அக்கா பையன், "அப்ப புளூட்டோவை ஏன் மாமா கோள் பட்டியல்லேருந்து தூக்கிட்டாங்க?" என்றான். அவனுக்குச் சொன்னது இது.

முதலில் கோயில் நவக்கிரகத்தை ஓரமாக வையுங்கள். அதில் சூரியனும் சந்திரனும் உண்டு, பூமி இல்லை. நமக்கு வேண்டியது 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகா நகரில் சர்வதேச வானியல் ஒன்றியம் எது கோள் என்று ஓட்டெடுத்து வைத்த விதி.

சூரியனைச் சுற்றுகிறதா என்று பாருங்கள். நிலா பூமியைச் சுற்றுகிறது, புளூட்டோவைவிடப் பெரியதாக இருந்தும் இங்கேயே அவுட்.

அடுத்து, உருண்டையா? சேலத்து மேக்னசைட் கல்லைக் கையில் எடுத்தால் கோணல்மாணலாக இருக்கும், கல்லின் உறுதிக்கு முன்னால் அதன் சொந்த ஈர்ப்பு ஒன்றுமே இல்லை. பொருள் பெருக்கப் பெருக்க ஈர்ப்பு ஜெயித்து, எல்லாப் பக்கமும் உள்ளே இழுத்து உருட்டிவிடும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுபவற்றில், சுமார் 940 கி.மீ. அகலமுள்ள சீரிஸ் இதில் பாஸ், 525 கி.மீ. உள்ள வெஸ்டா ஃபெயில்.

சண்டையெல்லாம் மூன்றாவதில்தான்: தன் பாதையில் அது ஒன்றுதான் ராஜாவா? பூமியின் பாதையில் கிடக்கும் மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் பூமி அதைப் போல சுமார் 17 லட்சம் மடங்கு கனம், புளூட்டோவோ தன் பாதையில் உள்ள மற்றவற்றில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வியாழன் பாதையில் ஆயிரக்கணக்கில் சிறுகோள்கள் இருக்கின்றனவே என்று யாராவது மடக்கினால் அசராதீர்கள், அவை வியாழனின் ஈர்ப்பு பிடித்துவைத்த இடத்தில்தான் சுற்றுகின்றன.

இதெல்லாம் புளூட்டோவுக்கு மட்டும் நடந்த அநியாயமும் இல்லை. 1801ல் கண்டுபிடித்த சீரிஸையும் முதலில் கோள் என்றுதான் சொன்னார்கள், அதே வட்டாரத்தில் வரிசையாக இன்னும் பல கிடைத்ததும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். புளூட்டோவுக்கு அந்தப் பக்கம் 2005ல் அறிவித்த ஏரிஸ் அதைவிடக் கனமாக இருந்தது, புளூட்டோ கோள் என்றால் இதையும் கோள் என்றாக வேண்டும், அப்புறம் வேறென்ன செய்வது?

எனக்கு உள்ள ஒரே குறை, இந்த விதி நம் சூரியனோடு நின்றுவிடுகிறது, வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் ஆயிரக்கணக்கானவற்றைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அக்கா பையன் அதையும் கேட்டான், நல்லவேளையாக அதற்குள் பனி இறங்கிவிட்டது.