விலை சொல்லும் முன் குழாயைப் பாருங்கள்

வீடு சுத்தம் செய்து தரும் தொழிலில் "எவ்வளவு ஆகும்?" என்ற கேள்வி முதல் போனிலேயே வந்துவிடும். அப்போதே ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் பிறகு ஏற்றவும் முடியாது, கட்டுப்படியாகவும் ஆகாது. அரை மணி நேரம் நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று நேரம் வாங்குங்கள். அடுக்குமாடி என்றால் பிளாக், வீட்டு எண், வேலைக்கு அனுமதிக்கும் நேரம் மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

கையில் 5 மீட்டர் டேப், டார்ச், வெள்ளைத் துணி, சின்ன பாட்டிலில் வினிகர், நோட்டு போதும். செருப்பை வாசலில் விடுங்கள். பெரியவர்களை 'அம்மா', 'ஐயா' என்றும் மற்றவர்களை 'சார்', 'மேடம்' என்றும் கூப்பிடலாம். முதல் நாளே 'அக்கா' வேண்டாம். ஒவ்வொரு அறைக்கும் அவர்கள் முன்னால் போகட்டும். போட்டோ எடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூஜை அறையைத் தொடலாமா, கூடாதா என்பதை அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். ஃபேன் இறக்கையில் விரலால் தடவி அழுக்கைக் காட்டுவது திறமையில்லை, வீட்டுக்காரரைக் கூசவைக்கும். வேலைக்கார அம்மாவைக் குறை சொல்வதும் அப்படித்தான்.

பத்திரத்தில் 1,200 சதுர அடி என்றிருந்தாலும் மாடிப்படி, லிஃப்ட் பங்கெல்லாம் போக உள்ளே 900 அளவுக்குத்தான் இருக்கும். சதுர அடிக்கு இவ்வளவு என்று கேட்பவராக இருந்தால் அவர் எதிரிலேயே அளந்து எழுதுங்கள்.

தகராறு பெரும்பாலும் குளியலறையில்தான் கிளம்புகிறது. போர் தண்ணீர் உப்பு குழாயிலும் கண்ணாடித் தடுப்பிலும் வெள்ளையாகப் படியும். கண்ணாடியின் கீழ் மூலையில் உள்ளங்கை அளவு இடத்தில் வினிகர் நனைத்த துணியை ஐந்து நிமிடம் ஒட்டிவைத்துத் துடையுங்கள். தெளிந்தால் அது வெறும் படிவு. அப்புறமும் மங்கலாகவே இருந்தால் உப்பு கண்ணாடியையே அரித்திருக்கும். "இது போகாது" என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்தபின் அதையே சொன்னால் சாக்கு என்றுதான் நினைப்பார்கள். மார்பிளிலும் கடப்பா கல்லிலும் இந்தச் சோதனை கூடவே கூடாது. இரண்டுமே சுண்ணாம்புக் கல். புளிப்பு பட்ட இடம் பளபளப்பு போய் வெளுத்துவிடும்.

"ஆசிட் ஊத்தினா பளிச்சுனு ஆயிடும்" என்பார்கள். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்ட்டை அது தின்றுவிடும், குழாயின் குரோம் பூச்சு கறுக்கும், பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்று காரணத்தோடு மறுங்கள். "செப்டிக் டேங்கையும் பார்த்துடுங்க" என்றால் விலையே பேசாதீர்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் அதற்குள் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உறிஞ்சும் லாரி வைத்திருப்பவரிடம் போகச் சொல்லுங்கள்.

விரிசல் விட்ட வாஷ்பேசின், ஆடும் டைல், கீறல் விழுந்த கண்ணாடி இருந்தால் இரண்டு பேரும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார் எப்போது போடுவார்கள், தரை தேய்க்கும் மெஷினுக்கு 15 ஆம்ப் பிளக் எங்கே இருக்கிறது என்பதும் வேண்டும். கிரகப்பிரவேச வீடு என்றால் ஆசாரியும் பெயின்டரும் எந்தத் தேதியில் முடிக்கிறார்கள் என்று கேட்காமல் நாள் கொடுக்காதீர்கள். நீங்கள் துடைத்த மறுநாள் மரத்தூள் பறந்தால், திரும்ப வந்து துடைக்கும் கூலி உங்கள் தலையில்தான்.

வாசலில் நின்றபடி தொகை சொல்ல வேண்டாம். மறுநாளுக்குள் வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள்: எந்தெந்த அறை, எத்தனை ஆள், எத்தனை மணி நேரம், எது சேராது (பரண், அலமாரியின் உள்பக்கம், சிம்னி ஃபில்டர் இவை எப்போதும் விடுபடும்), அட்வான்ஸ் எவ்வளவு, இந்த விலை எத்தனை நாளைக்கு. ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் 18 சதவீத வரியைத் தனியாகக் காட்டுங்கள். பதிவு இல்லாதவர் அந்தப் பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

அனுப்பி மூன்று நாளாகியும் பதில் வராவிட்டால் ஒரே ஒரு தடவை போன் செய்யலாம்.