கொலம்பியாவின் காலி நகரில் சல்சா கற்கச் செல்வோருக்கு

பயணத்தினூடே லத்தீன் நடனம் கற்க விரும்புகிறவர், நாட்டுக்கொரு வகுப்பு என்று அலைவதைவிட ஒரே ஊரில் இரண்டு வாரமாவது தங்கி ஒரே பாணியைப் பழகுவதே மேல் என்பது என் உறுதியான எண்ணம். சல்சாவைப் பொறுத்தவரை, கொலம்பியாவின் தென்மேற்கில் உள்ள காலி நகரம் அதற்கு மிகப் பொருத்தமான இடம். அங்கே நடனப் பள்ளிகள் ஏராளம்; பகலில் கற்றதை அன்றிரவே உள்ளூர் மக்களோடு ஆடிப் பார்க்கவும் முடியும்.

காலியின் பாணி தனித்தன்மை கொண்டது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். கியூபாவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வந்த இசைத்தட்டுகளை 1960களில் அவ்வூர் இளைஞர்கள் நிமிடத்துக்கு 33 சுற்றுகளுக்குப் பதிலாக 45 சுற்றுகளில் சுழலவிட்டு ஆடினார்கள்; அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் வகையில்தான் கால்கள் மின்னலாக இயங்க, மேலுடல் அமைதியாக இருக்கும் ஆட்டமுறை உருவானது. சென்னையிலோ பெங்களூரிலோ முன்னும் பின்னும் நேர்க்கோட்டில் ஆடப் பழகியவர், இங்கே கால்கள் மாறி மாறிப் பின்னோக்கிச் செல்வதைக் கண்டு திகைக்கலாம். பழைய பழக்கத்தை ஆசிரியரிடம் வாதாடிக் காப்பாற்ற முயலாமல், புதிய மாணவராகத் தொடங்குவதே விரைவில் பலன் தரும்.

முதல் சில நாட்களுக்குத் தனி வகுப்பையும், அடிப்படை அடிகள் காலில் படிந்தபின் குழு வகுப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வகுப்புகளுக்கான கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தாமல், ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கொடுத்து ஆசிரியரைக் கவனியுங்கள். முதல் மணி நேரத்திலேயே ஏழெட்டுச் சுழற்சிகளைக் காட்டி மகிழ்விப்பவரைவிட, உங்கள் பாதம் தரையில் எப்படிப் பதிகிறது, உடல் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பொறுமையாகத் திருத்துகிறவரே நல்ல ஆசிரியர். எட்டு எண்ணிக்கையில் 1, 2, 3, 5, 6, 7 ஆகியவற்றில் அடி வைத்து, 4இலும் 8இலும் நிறுத்தும் கணக்கைப் புறப்படும் முன்பே வீட்டில் பாட்டைக் கேட்டுப் பழகிவிட்டால், பயணத்தின் விலைமதிப்புள்ள நாட்கள் மிச்சமாகும். ஸ்பானிய மொழியில் எட்டு வரை எண்ணவும், வலம், இடம், சுழற்சி, மெதுவாக என்ற சொற்களை அறியவும் வேண்டும். வகுப்பில் பெரும்பாலும் இவ்வளவே தேவைப்படும். வகுப்பின் முடிவில், ஆசிரியரின் அனுமதியோடு அன்றைய அடிகளைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

காலணியில் அலட்சியம் கூடாது. ரப்பர் அடிப்பாகம் தரையைப் பற்றிக்கொள்வதால், சுழலும்போது உடல் திரும்பிய பிறகும் பாதம் திரும்பாமல் முழங்கால் முறுக்கேறுகிறது; மென்தோல் அடிப்பாகம் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். காலி ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் ஆண்டு முழுவதும் வெப்பமானது; மாற்றுச் சட்டையும் சிறு துண்டும் கொண்டுசெல்வது, உங்களோடு ஆடுகிறவருக்கு நீங்கள் காட்டும் மரியாதை.

வகுப்போடு நின்றுவிடுகிறவர் பாதிதான் கற்கிறார். லா தோப்பா தோலோந்த்ரா போன்ற நடனக்கூடத்துக்குக் கூட்டம் சேரும் முன்பே சென்று, சற்று நேரம் அமர்ந்து பாருங்கள். உடன் ஆட ஒருவரைக் கை நீட்டி அழைப்பதும், பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லி அவரை இருக்கை வரை கொண்டுவிடுவதும் நல்ல முறை; மறுப்பவரை வற்புறுத்தக் கூடாது. முதுகில் கை வைத்து ஆடுவது நம்மில் பலருக்குக் கூச்சம் தரலாம், ஆனால் அடுத்த அசைவு எதுவென்று துணைக்கு உணர்த்துவது அந்தப் பிடிதான். அது எல்லை மீறுவதாகத் தோன்றினால் தயங்காமல் விலகிவிடுங்கள். குடிக்கும் கோப்பையைக் கண்பார்வையிலேயே வைத்திருங்கள்; தெருவில் கைப்பேசியை வெளியே எடுக்காமல், செயலி வழியாக வண்டி அழைத்துத் திரும்புங்கள்.

டிசம்பர் 25 முதல் 30 வரை நடைபெறும் காலித் திருவிழாவும், அதன் தொடக்கமான சல்சோத்ரோமோ என்னும் நடன அணிவகுப்பும் காணத் தகுந்தவை. ஆனால் அந்நாட்களில் ஊரே நிரம்பி வழியும். அதற்கு முந்தைய வாரங்களில் நடனக் குழுக்கள் ஒத்திகையில் மூழ்கியிருக்கும். ஆகவே கற்பதே நோக்கமானால் வேறு மாதங்களில் செல்லுங்கள். திருவிழாவையும் பார்த்தாக வேண்டுமென்றால், ஆசிரியரிடம் முன்பே பேசி நேரத்தை உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.