அப்ளிக் வேலைக்கு ஒரு சின்ன அயர்ன் பாக்ஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் அடுக்குப் போர்வை) துண்டுகளை இணைத்து அழுத்த வழக்கமான அயர்ன் பாக்ஸே போதும். அப்ளிக்கில், அதாவது ஒரு துணியின் மேல் வேறு துணியில் வெட்டிய உருவங்களை வைத்துத் தைக்கும் வேலையில், இலை, பூ, வட்டம் என்று சின்ன உருவங்களின் ஓரத்தை மடிக்கும்போதுதான் சிக்கல். பெரிய தட்டு உருவத்தையே மறைத்துவிடும், விரலும் சுடும்.

முதலில் வகையை முடிவு செய்யுங்கள். நீளமான பிடியின் நுனியில் சிறு தட்டு வைத்தது ஒரு வகை. ஓரம் மடிக்க இதுதான் சுகம். குட்டி அயர்ன் பாக்ஸ் இன்னொரு வகை. கால் அங்குலத் தையல் ஓரங்களை அழுத்தவும் இது உதவும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், கூர்முனை உள்ள குட்டி அயர்னையே சொல்வேன்.

அடுத்து நுனி. பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மேல் உடல் தட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், நுனி படும் இடம் கண்ணுக்குத் தெரியாது. உள்வளைவில் அது பெரிய தொல்லை.

மிக முக்கியமானது சூடு. அயர்ன் பாக்ஸின் சூட்டுத் திருகில் காட்டனுக்கான மூன்று புள்ளி அளவு சுமார் 200 டிகிரி செல்சியஸ். ஒரு புள்ளி சுமார் 110. ஆன், ஆஃப் மட்டும் உள்ளதைத் தவிர்த்து, சூட்டைக் கூட்டிக் குறைக்க முடிவதாக வாங்குங்கள். ஒட்டும் வலையில் (சூட்டில் உருகித் துணிகளை ஒட்டவைக்கும் மெல்லிய பசைத் தாள்) எழுதியிருக்கும் சூட்டையும் நேரத்தையும் வைத்து, வெட்டி மீந்த துணியில் ஒட்டிப் பாருங்கள். நன்றாக ஆறியபின் ஓரத்தை நகத்தால் நெம்புங்கள். பிரிந்து வந்தால் சூடோ நேரமோ போதவில்லை. துணியின் மேல்பக்கம் ஈரம் பட்டதுபோலப் பசை தெரிந்தால் அதிகமாகிவிட்டது.

நீராவித் துளை இல்லாத தட்டே நல்லது. துளைக்கு நேராக உள்ள இடத்தில் பசை சரியாகப் பிடிக்காது. ஈரம் தேவைப்பட்டால் ஸ்பிரே செய்துகொள்ளலாம்.

நிற்கவைக்கும் தாங்கி இருக்கிறதா, வயர் தாராளமாக எட்டுகிறதா என்பதையும் பாருங்கள்.

இனி ஓரம் மடித்துப் பழகலாம். அட்டை அச்சை, வெட்டிய துணியின் பின்பக்கம் வையுங்கள். வெளியே நீளும் ஓரத்தில் மட்டும் பிரஷ்ஷால் கஞ்சி தடவி, வளைவில் கொஞ்சம் கொஞ்சமாக அச்சின் மேல் மடித்து, கஞ்சி காயும்வரை நுனியால் அழுத்துங்கள். இழுத்துத் தேய்க்கக் கூடாது. நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டிய ஓரம் நீண்டு உருவம் கோணிவிடும். அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். ஆறியதும் அச்சை உருவிவிடலாம்.

பசை வைத்த துண்டை ஒட்டும்போது மேலே பேக்கிங் பேப்பர் (கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் ஒட்டாத தாள்) விரியுங்கள். தட்டில் பசை பட்டுவிட்டால், சூடு இருக்கும்போதே தடித்த பழைய காட்டன் துணியில் தேய்த்து எடுங்கள். கத்தியால் சுரண்டினால் தட்டின் பூச்சு போய்விடும்.