உடல் வாடை நீங்கி இயல்பான மணம் பெற: சட்டையிலிருந்து தொடங்கும் ஒரு செய்முறை

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பெரியவர், ஒரு நாள் என் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கையை நிறுத்திவிட்டு, “தம்பி, இது தொவச்ச சட்டதானே?” என்று தயக்கத்துடன் கேட்டார். முதல் நாள்தான் துவைத்து, வெயிலில் உலர்த்தி, மடித்துக் கொண்டுவந்த சட்டை அது. ஆனால் சூடான பெட்டி அக்குள் பகுதியில் பட்டதும் எழுந்த வாடை, வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த எனக்கும் எட்டியது. அதற்கு முந்தைய பல மாதங்களில் நான்கு வகைச் சோப்புகளையும் மூன்று வகை ஸ்பிரேக்களையும் மாற்றிப் பார்த்திருந்தேன். திருத்துறைப்பூண்டியிலிருந்து திருவாரூர் செல்லும் காலைப் பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே போவது என் வழக்கமாகியிருந்தது. அன்று அந்த வண்டியடியில்தான் சிக்கலின் நுனி கைக்கு வந்தது.

இரண்டு வேளை குளிப்பது, உள்ளாடையை அன்றாடம் மாற்றுவது ஆகியவற்றை நான் இங்கே விளக்கப் போவதில்லை. சித்திரை வெயிலில் டெல்டாவில் வாழ்பவர்களுக்கு அதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். அப்போதே சுரந்த வியர்வைக்கு ஏறக்குறைய மணமே இல்லை. உடல் முழுவதும் பரவியிருக்கும் எக்ரைன் சுரப்பிகள் தருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அக்குள், தொடையிடுக்கு போன்ற இடங்களில் உள்ள அபோக்ரைன் சுரப்பிகள் பருவ வயதில் வேலை செய்யத் தொடங்கி, கொழுப்பும் புரதமும் கலந்த நீரைச் சுரக்கின்றன. அதைக் கோரினிபாக்டீரியம் முதலான நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது உண்டாகும் அமிலங்களும் கந்தகச் சேர்மங்களுமே நாம் முகம் சுளிக்கும் வாடை. ஆகவே வியர்வை தங்கிப் பழசாகும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பதுதான் வேலை.

முதல் படி, வாடை எங்கே குடியிருக்கிறது என்று பார்ப்பது. நம் மூக்கு நம் வாடைக்குப் பழகிவிடுவதால் நாமே முகர்ந்து பார்ப்பதில் பயன் குறைவு. துவைத்துக் காய்ந்த சட்டையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, அந்தத் துணி தாங்கக்கூடிய சூட்டில் அக்குள் பகுதியைத் தேய்த்து, எழும் ஆவியை வீட்டில் உள்ள ஒருவரை முகரச் சொல்லுங்கள். என் வீட்டில் அந்தப் பொறுப்பு மனைவிக்குப் போயிற்று. அவர் தயவு தாட்சண்யமின்றிப் பிரித்ததில் பதினொரு சட்டைகளில் ஏழு தேறவில்லை. ஏழும் பாலியஸ்டர் கலந்தவை. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 26 பேரை உடற்பயிற்சி செய்ய வைத்து அவர்களுடைய மேலாடைகளை ஒப்பிட்டபோதும், பருத்தியைவிடப் பாலியஸ்டர்தான் கூடுதலாக நாறியது. பாலியஸ்டர் இழை தண்ணீரை உறிஞ்சாது, எண்ணெய்ப் பசையை மட்டும் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இரண்டாம் படி, அந்தச் சட்டைகளை மீட்பது. நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வாடை போகவில்லை என்றதும் சோப்புத்தூளை இரண்டு மடங்காக்கினேன்; பிறகு மணமூட்டும் கண்டிஷனரையும் சேர்த்தேன். இரண்டும் தவறு. எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பும் கடினமும் கொண்டது. அதில் சோப்புக்கட்டி நுரைக்காமல் திரிதிரியாகத் திரண்டு, துணியிலேயே படிந்துவிடும். தூளை அள்ளிப் போட்டால் அலசிப் போகாத மிச்சமும் அதனுடன் தங்கிவிடும். கண்டிஷனர் அதன்மேல் இன்னொரு பூச்சைப் போடுகிறது. இப்படி வாடையைக் கழுவுவதாக நினைத்து, அதற்கு மாதக்கணக்கில் மெத்தை விரித்துக் கொடுத்திருந்தேன்.

சரியாக வந்த முறை இது. ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் என்று ஒரு பேசினில் கலந்து, சட்டையின் அக்குள் பகுதியும் கழுத்துப்பட்டியும் மூழ்கும்படி அரை மணி நேரம் ஊற வையுங்கள். வினிகர் அந்தப் படிவைக் கரைத்துவிடும். பின் நன்றாக அலசிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் முன்கூட்டியே கரைத்த சிறிதளவு சோப்புத்தூளில் கையால் கசக்குங்கள். மூன்று முறை அலச வேண்டும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது குழாயில் வரும் கொள்ளிடத் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். உட்புறம் வெளியே தெரியும்படி நல்ல வெயிலில் உலர்த்தி, மீண்டும் இஸ்திரிச் சோதனை வையுங்கள். என் சட்டைகளுக்கு இரண்டு சுற்றுகள் தேவைப்பட்டன. இரண்டு சட்டைகள் அதற்கும் மசியாமல் அடுப்படியில் பிடிதுணியாயின. ஒரு எச்சரிக்கை: வினிகருடன் பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும்.

உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவியில் வைக்கும் பழைய முறை இதையெல்லாம் ஒரே மூச்சில் செய்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. காரத்தன்மை எண்ணெய்ப் பசையை எடுத்தது, நீராவி நுண்ணுயிரிகளைக் கொன்றது. வெள்ளைப் பருத்தி வேட்டிக்கும் பனியனுக்கும் இன்றும் கொதிநீரும் சலவை சோடாவும் போதும். சாயத் துணியில் முயல வேண்டாம்.

மூன்றாம் படி துண்டு. தடித்த டர்க்கி டவல் இந்த ஊர் ஈரக்காற்றுக்கு ஏற்றதன்று என்பது என் உறுதியான கருத்து. குளித்துச் சுத்தமான உடம்பை, முழுதாகக் காயாத டவலால் துடைப்பது நேற்றைய வாடையை எடுத்து இன்று பூசிக்கொள்வதற்குச் சமம். கொடியில் போட்ட ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் மெல்லிய ஈரிழைத் துண்டு இரண்டு வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

நான்காம் படி தோல். அக்குளில் சோப்பு நுரையை உடனே கழுவாமல் ஒரு நிமிடம் விட்டுக் கழுவி, துளி ஈரமும் இல்லாமல் துடைத்துவிட்டே சட்டை போட வேண்டும். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டால் நுண்ணுயிரிகள் தங்கும் இடம் குறையும். முடிதிருத்தும் கடையில் சவரத்துக்குப் பின் தடவும் படிகாரம்தான் என் முதல் தேர்வு. ஈரத் தோலில் நான்கைந்து முறை தேய்த்துக் காயவிட்டால் போதும். அதற்கும் அடங்காதவர்கள் அலுமினிய உப்பு உள்ள வியர்வைத் தடுப்பு ரோல்-ஆனைப் பயன்படுத்தலாம். அதைக் காலையில் அவசரமாகப் பூசுவதைவிட, வியர்வை குறைந்திருக்கும் இரவில், உலர்ந்த தோலில் பூசிக்கொண்டு படுப்பது நல்லது. அந்த உப்பு வியர்வைக் குழாயின் வாயை அடைத்துக்கொள்ள நேரம் வேண்டும். வாசனை ஸ்பிரேக்கள் எனக்குப் பிடிக்காது. பழைய வாடையும் புது வாசனையும் கலந்த மூன்றாவது நெடி ஒன்றைத்தான் அவை உண்டாக்குகின்றன. ஆப்ப சோடாவைக் குழைத்துப் பூசும் யோசனையை நம்பி ஒரு வாரம் தோல் எரிந்து அவதிப்பட்டேன். எலுமிச்சை தேய்த்த தோலில் வெயில் பட்டால் புண்ணும் கருந்தழும்பும் வரக்கூடும்.

வாடை போன பிறகே மணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ ஆகியவற்றை வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து அரைத்த நலங்குமாவு, வாரம் இரண்டு முறை சோப்புக்குப் பதிலாக எனக்குப் போதுமானதாக இருக்கிறது. கும்பகோணத்து நாட்டுமருந்துக் கடைகளில் இவை அனைத்தும் தனித்தனியாகவே கிடைக்கும். கலந்து பொட்டலம் கட்டியதைவிடத் தனித்தனியாக வாங்கி அரைப்பதையே நான் விரும்புகிறேன். பீரோவில் அந்துருண்டையை எடுத்துவிட்டு ஒரு பிடி வெட்டிவேர் வையுங்கள். தாளிப்பு வாசம் எட்டும் இடத்தில் சட்டையைத் தொங்கவிடாதீர்கள்.

உணவைப் பற்றிச் சுருக்கமாக: ஊறவைத்த வெந்தயத்தை நாள்தோறும் தின்பவர்களின் வியர்வையில் இனித்த ஒரு நெடி வரும், அதற்குச் சோட்டலோன் என்ற சேர்மம் காரணம். செக் நாட்டு ஆய்வாளர்கள் 2006இல் சில ஆண்களை இரண்டு வாரம் இறைச்சி உண்ணச் செய்தும் விடச் செய்தும் பார்த்தபோது, விட்ட காலத்து உடல்மணமே பெண்களுக்குப் பிடித்திருந்தது. பூண்டோ, 2016இல் வந்த இன்னோர் ஆய்வில், எல்லோரும் நினைப்பதற்கு மாறாக அக்குள் மணத்தை இனிமையாக்கியது. வாயில் வரும் பூண்டு வாடை வேறு கதை. பிறரை ஈர்க்கும் பெரோமோன் என்று விற்கப்படும் புட்டிகளுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். மனிதர்களில் அப்படி ஒரு பொருள் இன்றுவரை ஐயமற நிறுவப்படவில்லை. ஆண்கள் அணிந்த பனியன்களைப் பெண்களை முகரச் செய்து பெர்ன் பல்கலைக்கழகத்தில் 1995இல் நடந்த ஆய்வில், தங்களுடையதிலிருந்து வேறுபட்ட நோயெதிர்ப்பு மரபணுக்கள் கொண்ட ஆண்களின் மணமே, கருத்தடை மாத்திரை எடுக்காத பெண்களுக்கு இனிதாக இருந்தது. எல்லோருக்கும் பிடித்த ஒரே மணம் என்று ஒன்றைத் தேடி அலையாமல், நம் சொந்த மணத்தை மறைக்கும் வாடையை நீக்கினாலே போதும் என்ற முடிவுக்கு நான் வந்தது இதனால்தான்.

வாடை திடீரென்று மாறினாலோ, மீன் வாடையோ பழ வாடையோ வீசினாலோ, இரவில் படுக்கை நனையும் அளவுக்கு வியர்த்தாலோ இவை எதுவும் உதவாது, மருத்துவரிடம் காட்டுங்கள்.

பின்சேர்க்கை: சீருடை முழுவதும் பாலியஸ்டர் என்றும், அதை மாற்ற வழியில்லை என்றும் ஒரு வாசகர் எழுதியிருந்தார். உள்ளே கையுள்ள பருத்திப் பனியன் அணிந்து, அதை மதியம் ஒரு முறை மாற்றுங்கள். வியர்வை சீருடைக்குப் போகும் முன் பனியன் வாங்கிக்கொள்ளும்.

இரண்டாம் பின்சேர்க்கை: ஐப்பசி அடைமழையில் வெயிலுக்கு எங்கே போவது என்று பலர் கேட்டுவிட்டார்கள். அப்போது வரும் முடை நாற்றம் வேறு. ஈரத்துணியில் பெருகும் மொராக்செல்லா என்ற நுண்ணுயிரி அதற்குக் காரணம். துவைத்த துணியை வாளியில் போட்டு வைக்காமல் உடனே பிழிந்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் இடைவெளி விட்டு மின்விசிறிக்குக் கீழே கட்டிய கொடியில் போடுங்கள். துணி அரை ஈரமாக இருக்கும்போதே இஸ்திரி போட்டு முழுக்க உலர்த்திவிடுங்கள். எங்கள் தெருப் பெரியவர் மழைக்காலத்தில் அப்படி வரும் துணிகளுக்குக் கூடுதல் காசு வாங்குகிறார்; கரி அதிகம் செலவாகிறதாம்.