ரோட்டில் அடிபட்டவருக்கு ஆம்புலன்ஸ் வரும்வரை ரத்தத்தை நிறுத்துவது எப்படி

மார்த்தாண்டம் பக்கம் ஒரு பைக் டாரஸ் லாரியில் அடிபட்டால் போதும், கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் "அவசரம், ஓ நெகட்டிவ் தேவை, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்" என்று சுற்ற ஆரம்பித்துவிடும். அடிபட்டவருக்கு என்ன குரூப் என்று அதுவரை யாரும் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் ரோட்டில்தான் கிடப்பார், தொடையிலிருந்து ரத்தம் போய்க்கொண்டே இருக்கும், சுற்றி நிற்கிறவர்களில் பாதிப் பேர் கையில் போன் இருக்கும், காயத்தின் மேல் ஒரு கையும் இருக்காது. அவருக்கு மேட்சிங் பார்க்கத் தேவையில்லாத ரத்தம் ஒன்றுதான், அது அவர் உடம்பில் மிச்சமிருப்பது. முதலில் அதைக் காப்பாற்றுங்கள்.

60 கிலோ எடையுள்ள ஆளுக்கு உடம்பில் மொத்தமே நாலு லிட்டர் சொச்சம் ரத்தம்தான். அரை லிட்டர் போனாலும் ஆள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். ஒன்றேகால் லிட்டர் தாண்டினால் பிரஷர் இறங்க ஆரம்பிக்கும். தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்துவிட்டால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும், அதற்குள் எந்த வண்டியும் வந்து சேராது.

ஒருவர் 108-ஐக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடட்டும். இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். மார்த்தாண்டத்தில் என்றால் பாலத்துக்கு மேலேயா கீழேயா, வண்டி நாகர்கோவில் போகிற பக்கமா களியக்காவிளை போகிற பக்கமா என்பதும் வேண்டும், இல்லையென்றால் ஆம்புலன்ஸ் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வரும். இன்னொருவர் அதே நேரத்தில் காயத்துக்குப் போக வேண்டும்.

கையில் ஒரு பிளாஸ்டிக் கவரையாவது மாட்டிக்கொண்டு, துணியைக் கிழித்து ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பாருங்கள். ஜீன்ஸுக்கு மேலேயே அழுத்துவது வீண். தோர்த்து (துண்டு), சட்டை, எது சுத்தமாக இருக்கிறதோ அதை மடித்து வைத்து, முழங்கையை மடக்காமல் இரண்டு கையாலும் உடம்பு பாரத்தைக் கொடுத்து அழுத்துங்கள். பத்து நிமிடம், நடுவில் எடுத்து "நின்னுட்டா" என்று பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் மேலேயே இன்னொன்று. அப்படியும் வந்தால் நீங்கள் அழுத்துகிற இடம் சரியில்லை என்று அர்த்தம், துணியை எடுத்து ரத்தம் வருகிற இடத்தைத் தேடி மறுபடி அழுத்த வேண்டும். தொடை இடுக்கு, அக்குள் மாதிரி ஆழமான காயமாக இருந்தால் துணியை உள்ளே திணித்து அதன் மேல் அழுத்துங்கள் (நெஞ்சு, வயிற்றுக் காயத்தில் திணிக்கக் கூடாது). காப்பிப்பொடி, மஞ்சள்பொடி எதுவும் வேண்டாம், அது ரத்தத்தை நிறுத்தாது, ஆஸ்பத்திரியில் கழுவுகிறவருக்குத்தான் வேலை. கம்பியோ கண்ணாடியோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அதுவே அடைப்பாக இருக்கும். சுற்றிலும் துணி வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டால் போதும்.

கையிலோ காலிலோ ரத்தம் பீய்ச்சி அடித்தால், அல்லது அழுத்தியும் நிற்கவில்லை என்றால், கட்டுத்தான் வழி. சாரத்தை (லுங்கியை) கிழித்து இரண்டு அங்குல அகலத்துக்கு மடித்து, காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே சுற்றி ஒரு முடிச்சுப் போடுங்கள். முட்டி மூட்டின் மீதே கட்ட வேண்டாம், அதற்கும் மேலே கட்டுங்கள். முடிச்சின் மேல் ஒரு ஸ்பேனரோ உறுதியான கம்போ வைத்து இன்னொரு முடிச்சு போட்டு, ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, அந்தக் கம்பு திரும்பாதபடி கட்டிவிடுங்கள். கயிறு, வயர் வேண்டாம், சதையை அறுக்கும். வலியில் ஆள் கத்துவார், "கொஞ்சம் லூஸ் பண்ணு மக்கா" என்று கெஞ்சுவார். பண்ணாதீர்கள். அரைகுறையாகக் கட்டினால் உள்ளே போகிற ரத்தம் போகும், திரும்புகிற ரத்தம் திரும்பாது, காயத்தில் ரத்தம் கூடத்தான் செய்யும். கட்டிய நேரத்தை அவர் நெற்றியிலோ கையிலோ பேனாவால் எழுதுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் கைக்குப் போய்விட்டால் கால் போய்விடுமோ என்ற பயம் பெரும்பாலும் வேண்டாம். அப்புறம், இதைப் படித்துவிட்டு ரப்பர் தோட்டத்தில் பாம்பு கடித்தவருக்கும் இப்படிக் கட்டிவிடாதீர்கள், அதற்கு இது கூடவே கூடாது.

தென்னையில் இருந்து விழுந்தவர் விஷயம் வேறு. வெளியே சொட்டு ரத்தம் இருக்காது, வயிற்றுக்குள்ளோ இடுப்புக்குள்ளோ லிட்டர் கணக்கில் போயிருக்கும். முகம் வெளுத்து, வேர்வை குளிர்ந்து, நாடி வேகமாக ஓடி, தண்ணி தண்ணி என்று கேட்டால் அதுதான். தண்ணீரும் சோடாவும் கொடுக்காதீர்கள், ஆபரேஷன் வரலாம், மயங்கினால் புரை ஏறும். கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்காமல், தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்க்கோட்டில் இருக்கப் பலகையில் எடுங்கள். மழையில் நனைந்திருந்தால் ஈரத்துணியை அகற்றிப் போர்த்துங்கள். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது, இதை யாரும் கவனிப்பதில்லை.

நம் 108 வண்டியில் சலைன் (நரம்பில் ஏற்றும் உப்புநீர்) உண்டு, ஆக்சிஜன் உண்டு, ரத்தம் கிடையாது. சலைன் பிரஷரைக் கொஞ்சம் தாங்கும், ஆக்சிஜனைச் சுமக்காது, அளவு மீறினால் இருக்கிற ரத்தத்தையும் நீர்க்க வைத்துவிடும். லண்டனில் 2012 முதல் ஹெலிகாப்டரிலேயே ரத்தம் எடுத்துப் போகிறார்கள். அதற்கு 2 முதல் 6 டிகிரி குளிரில் வைக்கிற பெட்டி, தீராத ஓ குரூப் சப்ளை, பழகிய டாக்டர் எல்லாம் வேண்டும். அதிலும் 2018-ல் அமெரிக்காவில் ஹெலிகாப்டரில் பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) கொடுத்துப் பார்த்தபோது சாவு குறைந்தது, 2022-ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில் ரத்தமும் பிளாஸ்மாவும் சலைனைவிட மேல் என்று காட்ட முடியவில்லை. வண்டியில் ரத்தம் வருகிற காலம் வரட்டும், அன்றைக்கும் காயத்தை அழுத்தத்தான் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் முதலில் சொல்ல வேண்டியது அடிபட்ட நேரம். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் என்ற விலை குறைந்த ஊசி மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன், 20,000 பேருக்கு மேல் வைத்து 2010-ல் வெளியான ஆய்வின் கணக்கை 2011-ல் மறுபடி அலசியபோது அது தெரிந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா, கர்ப்பமா என்பதையும் சொல்லுங்கள். பணத்துக்காகத் தயங்க வேண்டாம், தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்ற கேள்வி இல்லை. கொண்டுவந்து சேர்த்தவர்மேல் கேஸ் வராது, பெயர் சொல்லக்கூடக் கட்டாயம் இல்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

இனி ரத்தம். முழு கிராஸ் மேட்சிங்குக்கு (ஏற்றப்போகிற ரத்தம் அவர் ரத்தத்தோடு சேருமா என்று பார்ப்பதற்கு) முக்கால் மணி நேரம் ஆகும், அதுவரை தாங்காது என்றால் ஓ குரூப் போடுவார்கள். ஆண்களுக்கு அவசரத்தில் ஓ பாசிட்டிவ் போடுவதுண்டு, எளிதில் கிடைக்காத ஓ நெகட்டிவைப் பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களுக்கு ஒதுக்கி வைப்பார்கள். நீங்கள் ஓடிப்போய்க் கொடுக்கிற ரத்தம் நேரே அவருக்கு ஏறாது. எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா எல்லாம் பார்த்த பிறகுதான் வெளியே வரும், பிளட் பேங்க் இருப்பிலிருந்து அவருக்கு எடுத்துக் கொடுத்த யூனிட்டுக்கு ஈடாக நிற்கும். 18 வயதாகி, 45 கிலோவும் ஹீமோகுளோபின் 12.5-ம் இருந்தால் கொடுக்கலாம், ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நாலு மாதத்துக்கு ஒருமுறை. எந்த பிளட் பேங்கில் என்ன இருப்பு என்பது மத்திய அரசின் இ-ரக்த்கோஷ் தளத்தில் தெரியும், அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

மெசேஜ் போடுவதானால் டாக்டர் எழுதித் தந்த பிறகு போடுங்கள். குரூப், எத்தனை யூனிட், எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, கூட இருப்பவர் நம்பர், முக்கியமாகத் தேதியும் நேரமும். கிடைத்ததும் அதே குரூப்களில் "கிடைத்துவிட்டது, யாரும் வர வேண்டாம்" என்று போட்டுவிட்டு, பழைய மெசேஜை எல்லாருக்கும் டெலீட் கொடுங்கள்.